பத்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு

இரண்டு என்ஜின், பின்னால் பதினொரு சரக்குப் பெட்டிகள். பேஸ்மெண்டில் சுற்றிக்கொண்டிருந்த பொம்மை ரயில், ஜன்னலோர வளைவைத் தாண்டியதும் இரண்டாகப் பிரிந்தது. என்ஜின்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்க, பெட்டிகள் அங்கேயே நின்றுவிட்டன. கையால் தள்ளிச் சேர்த்துவிட்டேன். அடுத்த சுற்றிலும் அதே இடம், அதே பெட்டி. ஏழாவது தடவை மேலேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "என்ன, இன்னும் சேரலையா அது?"

வண்டிகளை இணைக்கும் கப்ளர் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். என்ஜினின் கப்ளரைக் கழற்றிப் புதிது போட்டேன். பிரிந்தது. பெட்டியின் கப்ளரையும் மாற்றினேன். அப்போதும் பிரிந்தது. மூன்று இரவுகள் போன பிறகு, உயரம் பார்க்கும் ஒரு உலோகத் துண்டைத் தண்டவாளத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கப்ளர் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ஒன்று இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை, அவ்வளவுதான்.

பழைய என்ஜின்களுக்குக் கப்ளர் மாற்றத் தொடங்கி நாலு வருடமாகிறது. வேலைக்காகப் பென்சில்வேனியா வந்தவன் நான். இங்கே குளிர்காலத்தில் தீயணைப்பு நிலையக் கூடங்களில் மாதிரி ரயில் சந்தை போடுவார்கள். அப்படி ஒன்றில் ஒரு அட்டைப்பெட்டியை மொத்தமாக வாங்கினேன். உள்ளே ஏதர்ன் கம்பெனியின் எஃப்7 டீசல் இரண்டு, ஜி.பி.35 ஒன்று, பத்துப் பன்னிரண்டு சரக்குப் பெட்டிகள். எல்லாம் எச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நீல நிற அட்டைப்பெட்டியில் வந்த அந்தக் காலத்து ஏதர்ன் என்ஜின்களை இங்கே 'புளூ பாக்ஸ்' என்றே சொல்வார்கள். உலோக அடிச்சட்டம், நடுவில் கனமான மோட்டார், இரண்டு பக்கமும் ஓட்டத்தைச் சீராக்கும் கனத்த ஃபிளைவீல் சக்கரம். ஓடும்போது காபிக்கொட்டை அரைக்கிற மாதிரி சத்தம் வரும், ஆனால் சாகாது. அந்த மோட்டாரை அடக்குவதற்காகவே ஜி.பி.35-இன் மேல்கூட்டை நிஜத்தைவிட அகலமாகச் செய்துவிட்டார்கள். அளவில் கறாராக இருப்பவர்களுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். எனக்கு அந்தத் தொப்பை பிடித்துப்போயிற்று.

நம் ஊரில் பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ரயில் இணைப்பு என்றால் நடுவில் திருகுக் கொக்கி, இரு பக்கமும் பஃபர். அமெரிக்காவில் அப்படி இல்லை. மடக்கிய விரல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வது போல இரண்டு கப்ளர்களும் பூட்டிக்கொள்ளும். 1873-இல் ஈலை ஜானி என்பவர் காப்புரிமை வாங்கிய வடிவம். அதற்கு முன்பு இருந்த வளையமும் ஊசியும் முறையில், இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஆள் நின்று கையால் ஊசியைச் செருக வேண்டும். விரல் போனவர்களும் உயிர் போனவர்களும் ஏராளம். 1893-இல் தானியங்கி கப்ளர் கட்டாயம் என்று சட்டமே போட்டார்கள். இப்போது நம் ஊர் எல்.எச்.பி. பெட்டிகளில் நடுவில் தெரிவதும் இதே குடும்பம்தான்.

பொம்மை ரயிலில் இது வந்த கதை கொஞ்சம் கோணலானது. பழைய எச்.ஓ. செட்டுகளில் இருப்பது எக்ஸ்2எஃப் என்ற கப்ளர். பக்கவாட்டில் நீட்டிய ஒரு பிளாஸ்டிக் கொக்கி, அதன் முன்னால் கொம்பு மாதிரி ஒரு துருத்தல். நிஜ ரயிலில் எதற்கும் இது ஒப்பில்லை. 1950-களில் என்.எம்.ஆர்.ஏ. என்ற மாதிரி ரயில் சங்கத்தின் முயற்சியில் உருவானது. யாரும் காசு கொடுக்காமல் செய்துகொள்ளலாம் என்பதால் எல்லாக் கம்பெனியும் இதையே போட்டார்கள், 1990-கள் வரை. இழுக்கும்போது பரவாயில்லை. பின்னோக்கித் தள்ளும்போதுதான் வினை. பிடிப்பதற்கே பக்கவாட்டு அழுத்தத்தை நம்பியிருக்கும் கொக்கி அது, தள்ளினால் இலேசான பெட்டியைப் பக்கவாட்டில் நெம்பித் தடம் புரள வைக்கும்.

இதற்கு மாற்று கேடீ கப்ளர். கீத், டேல் எட்வர்ட்ஸ் என்ற இரட்டைச் சகோதரர்கள் ஆரிகன் மாநிலத்தில் தொடங்கியது; இருவர் பெயரின் முதலெழுத்தும் சேர்ந்துதான் கேடீ. உலோகத்தலை, திறந்து மூடும் விரல், அதைத் தள்ளிப் பிடிக்க மயிரிழைச் சுருள் ஸ்பிரிங். தலைக்குக் கீழே வளைந்த கம்பி ஒன்று தொங்கும். அதை நான் வால் என்பேன். தண்டவாளத்துக்கு நடுவில் புதைத்த காந்தத்தின் மேல் வண்டி நின்றால் வால் பக்கவாட்டில் இழுபட்டு விரல் திறக்கும். 5ஆம் எண் கப்ளர் பல பத்தாண்டுகளாக எல்லாரும் போடுவது. 148ஆம் எண் அதன் புது வடிவம். கப்ளரை நடுவுக்குக் கொண்டுவரும் வெண்கலத் தகடு 5-இல் தனியாக வரும். 148-இல் தண்டிலேயே இரண்டு மெல்லிய மீசைகளாக ஒட்டியிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் மீசை வைத்ததையே வாங்குங்கள். அந்தத் தகட்டோடு மல்லுக்கட்டிய என் நேரம் எனக்குத்தான் தெரியும்.

எஃப்7 இரண்டையும் முதலில் எடுத்துக்கொண்டேன். ஏதர்ன் அடிச்சட்டத்தின் முனையில் ஒரு சின்னத் திண்ணை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதில் வார்ப்போடு வந்த ஒரு குமிழ். குமிழில் கப்ளரின் துளையை மாட்டி, கீழிருந்து ஒரு தகர மூடியைக் கவ்வவிட்டால் முடிந்தது. இரண்டு என்ஜின்களின் பின்பக்கத்திலும் எக்ஸ்2எஃப் இருந்தது. தகர மூடியை ஸ்குரூ டிரைவர் முனையால் நெம்பி எடுத்தேன் (மூடி பறக்கும், ஒரு விரலை மேலே வைத்துக்கொள்ளவும்). பழைய கொக்கியை எடுத்துவிட்டு உலோகக் கப்ளரை அப்படியே குமிழில் மாட்டி மூடியைத் திரும்பக் கவ்வவிட்டேன். பத்தே நிமிடம். எவ்வளவு சுலபம் என்று எனக்கே ஆச்சரியம்.

இரண்டு எஃப்7-களையும் முதுகோடு முதுகு சேர்த்துத் தண்டவாளத்தில் வைத்து, மின்சாரம் கொடுக்கும் பவர் பேக்கைத் திருகினேன். டிக். மின்சாரம் போய்விட்டது. ஒன்றை எடுத்துவிட்டால் இன்னொன்று ஓடுகிறது. இதை எடுத்தால் அது ஓடுகிறது. சேர்த்தால் டிக். தண்டவாள இணைப்பு, சக்கரம், ஒயர் என்று ஒரு முழு மாலை தேடினேன். இரண்டையும் ஒரே தண்டவாளத்தில் தனித்தனியாக, தொடாமல் வைத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை என்று கவனித்தபோதுதான் புத்திக்கு எட்டியது.

இந்த என்ஜின்களில் அடிச்சட்டமே ஒரு ஒயர். ஒரு பக்கச் சக்கரங்களிலிருந்து வரும் மின்சாரம் சட்டம் வழியாகத்தான் மோட்டாருக்குப் போகிறது. மறுபக்கத்துக்கு மட்டும் மேலே தகரப் பட்டை. என்ஜினைத் திருப்பி வைத்தால் அதன் சட்டம் எதிர்த் தண்டவாளத்தோடு சேர்ந்துவிடும். முதுகோடு முதுகு வைக்கும்போது ஒரு சட்டம் இந்தத் தண்டவாளம், இன்னொரு சட்டம் அந்தத் தண்டவாளம். நடுவில் நான் ஆசையாக மாட்டிய உலோகக் கப்ளர்கள் இரண்டும் கை குலுக்கிக்கொண்டன, ஷார்ட் சர்க்யூட். பிளாஸ்டிக் எக்ஸ்2எஃப் இருந்தவரை அது நடக்கவே வாய்ப்பில்லை.

அதனால் உலோகச் சட்டமுள்ள பழைய என்ஜினில் கப்ளரை நேராகச் சட்டத்தில் மாட்டாதீர்கள். கூடவே வரும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து, அந்தக் கூட்டைச் சட்டத்தில் திருகுங்கள். கூட்டின் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் குழாய் வழியாகத் திருகு போவதால் கப்ளரை அது தொடாது. எனக்கு அதிலும் நம்பிக்கை போதவில்லை, நைலான் திருகு போட்டுவிட்டேன்.

கூடு வைக்க வேண்டுமென்றால் குமிழை அரத்தால் ராவித் திண்ணையைச் சமமாக்கி, துளை போட்டு மரை வெட்ட வேண்டும். இங்கே வழக்கம் 2-56 என்ற அளவுத் திருகு, விட்டம் 2.18 மில்லிமீட்டர். மரை வெட்டுவதற்கான துளை 1.78 மில்லிமீட்டர், திருகு சும்மா நுழைந்து போக வேண்டிய துளை 2.26. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒன்று திருகு இறங்காது, இல்லை பிடிக்காது. சட்டம் துத்தநாகக் கலவை வார்ப்பு, மெத்தென்று வெட்டுப்படும். அந்த மெத்தென்ற தன்மையை நம்பி வேகமாகத் திருகினால் மரை வெட்டும் டேப் உள்ளேயே முறிந்துகொள்ளும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே, ஒரு சொட்டு எண்ணெய், பொடியைத் துடை, மறுபடி அரைச் சுற்று. இட்லி மாவு அரைக்கும் பொறுமை வேண்டும். வேலை முடிந்ததும் உலோகப் பொடியைத் தூரிகையால் கூட்டி எடுங்கள். அது மோட்டார் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் பல்சக்கரத்தில் போய் உட்காரும்.

மேல்கூட்டைக் கழற்றாமல் துளை போடலாம் என்று தோன்றும். கழற்றிவிடுங்கள். அறுபது வருடப் பிளாஸ்டிக்கின் மேல் டிரில் வழுக்கினால் திரும்ப வாங்க முடியாது.

இப்போது மறுபடியும் அந்த ஏழு தடவை பிரிந்த இடத்துக்கு வருகிறேன். எச்.ஓ. அளவில் தண்டவாளத்தின் மேல்விளிம்பிலிருந்து கப்ளரின் மையம் 25/64 அங்குலம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. 9.9 மில்லிமீட்டர், பத்துக்குக் கொஞ்சம் குறைவு. இதைப் பார்ப்பதற்கு கேடீ கம்பெனியே 205ஆம் எண் கேஜ் ஒன்று விற்கிறது. தண்டவாளத்தில் உட்காரும் உலோகத் துண்டு, அதன் முனையில் சரியான உயரத்தில் ஒரு கப்ளர் தலை. பக்கத்தில் வண்டியை உருட்டி வந்து இரண்டு தலைகளும் ஒரே மட்டத்தில் சந்திக்கின்றனவா என்று கண்ணை அந்த மட்டத்துக்கு இறக்கிப் பார்க்க வேண்டும். முழு உலோகம் என்பதால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் மறுபடியும் டிக்.

ரயிலில் இரண்டாவது எஃப்7 திரும்பி நிற்கிறது அல்லவா, அதன் மூக்குதான் பெட்டியை இழுக்கிறது. அந்த மூக்கில் பழைய சொந்தக்காரரே கேடீ போட்டிருந்தார். நான் புதிது மாற்றியபோதும் அவர் வைத்த கூட்டிலேயே மாற்றினேன். கேஜில் வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தாழ்வு. தலையே அவ்வளவு பெரிதில்லை, அதில் ஒரு மில்லிமீட்டர் என்றால் பிடிமானத்தில் பெரும்பங்கு போய்விட்டது. சமதளத்தில் ஒப்பேற்றிவிடும். ஜன்னலோர வளைவுக்கு அப்புறம் இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் தண்டவாளம் கொஞ்சம் மேடாகி இறங்குகிறது. என்ஜின் இறங்கும் நொடியில் அதன் விரல் பெட்டியின் விரலுக்கு அடியில் நழுவி வெளியே வந்துவிடுகிறது. கன்னத்தைத் தண்டவாளத்தோடு ஒட்டி வைத்து, ரயிலை அங்குலம் அங்குலமாக ஓட்டிப் பார்த்தேன். நழுவுவது கண்ணுக்கே தெரிந்தது.

என்ஜினைத் திருப்பிப் பார்த்தேன். திண்ணைக்கும் கூட்டுக்கும் நடுவில் அந்த மனிதர் ஒரு பிளாஸ்டிக் துண்டை அளவாக வெட்டி வைத்திருந்தார். ஓரங்கள் அரத்தால் தேய்த்து மழமழவென்று இருந்தன. கூட்டை வேண்டுமென்றே கீழே இறக்கியிருக்கிறார். அவசரத்தில் செய்த வேலை மாதிரி இல்லையே என்று குழம்பி, அதே அட்டைப்பெட்டியில் வந்த சரக்குப் பெட்டிகளை வரிசையாகக் கேஜில் வைத்துப் பார்த்தேன். அவர் கேடீ போட்டிருந்த ஆறு பெட்டிகளும் அதே அளவு தாழ்வு! அவருடைய வீட்டு ரயிலுக்கு அவரே ஒரு உயரம் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அதற்குச் சரியாகச் செய்திருக்கிறார். அவர் பேஸ்மெண்டில் ஒரு தடவைகூட இது பிரிந்திருக்காது. என்ஜினுக்கு அடுத்து நின்று ஏழு முறை பிரிந்த பெட்டி, நான் புதிதாகக் கடையில் வாங்கிச் சேர்த்தது.

அவரைப் பற்றி மூன்று நாளாக நினைத்ததையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

சரி, யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். இனி வாங்கப் போவதெல்லாம் 9.9-இல்தான் வரும் என்பதால் அவருடையதை உயர்த்த முடிவு செய்தேன். என்ஜினில் அந்தப் பிளாஸ்டிக் துண்டை எடுத்ததும் பாதிக்கு மேல் சரியாகிவிட்டது. மீதிக்கு வேறு தண்டு. கப்ளர்கள் மூன்று விதமாகக் கிடைக்கும்: தலையும் தண்டும் ஒரே மட்டம், தலை தண்டைவிட மேலே, தலை தண்டைவிடக் கீழே. கூடு தாழ்வாக இருந்தால் தலை மேலே இருப்பது, கூடு உயரமாக இருந்தால் தலை கீழே இருப்பது. இதோடு தண்டின் நீளத்திலும் குட்டை, நடுத்தரம், நெட்டை உண்டு. எஃப்7-இன் மூக்குக்கு நெட்டைதான் தோது. நடுத்தரம் போட்டால் தலை மூக்குக்குள் பதுங்கி, வளைவில் பக்கவாட்டில் திரும்ப இடமில்லாமல் பெட்டியை வெளியே தள்ளும்.

பெட்டிகளுக்கு வைத்தியம் இன்னும் எளிது. சக்கரங்கள் இருக்கும் போகியைக் கழற்றி, பெட்டிக்கும் போகிக்கும் நடுவில் ஃபைபர் வாஷர். 0.015 அங்குல வாஷர் இரண்டு போட்டால் முக்கால் மில்லிமீட்டர் ஏறும். அதற்கு மேல் போட்டால் பெட்டி காலில் கட்டை கட்டிய மாதிரி ஆடும், அந்த நிலைக்குப் போனால் கூட்டையே மாற்றி வைப்பது மேல். போகியின் திருகை முழுக்க முறுக்காதீர்கள். ஒரு போகி இலேசாகச் சாய்ந்து ஆட வேண்டும், இன்னொன்று திரும்ப மட்டும் வேண்டும். இரண்டும் ஆடினால் பெட்டி குடிகாரன் மாதிரி போகும்.

உயரம் சரியான பிறகுதான் வால். வாலின் கீழ்முனைக்கும் தண்டவாள மட்டத்துக்கும் 1/32 அங்குலம், 0.8 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதே கேஜிலேயே அதற்கும் ஒரு படி உண்டு. வால் தாழ்ந்தால் தண்டவாளம் பிரியும் பாயிண்ட்டில் மாட்டி வண்டியைத் தூக்கிப்போடும். உயர்ந்தால் காந்தத்துக்கு எட்டாது. உயரத்தைப் பார்க்காமல் வாலை வளைத்துவிட்டு, பிறகு உயரத்தைச் சரிசெய்து, மறுபடி வாலை வளைத்து ஒன்றை முறித்தே விட்டேன்.

கூட்டை மூடும் முன் இரண்டு சோதனை. கப்ளரை வெறுமனே உள்ளே வைத்து மூடியை விரலால் அழுத்திக்கொண்டு, தலையை ஒரு பக்கம் தள்ளிவிடுங்கள். தானாக நடுவுக்கு வர வேண்டும். சோம்பலாக வந்தால் கூட்டின் உள்விளிம்பில் வார்ப்புப் பிசிறு இருக்கும், மெல்லிய அரத்தால் ஒரு இழு. அப்புறம் கிராஃபைட் பொடி கொஞ்சம். எண்ணெய் வேண்டாம், தூசியைச் சேர்த்துக் கூழாக்கிவிடும். பசையும் வேண்டாம். ஒரு தடவை மூடியை சூப்பர் குளூவால் ஒட்டினேன். இண்டு இடுக்கில் தானாகவே ஊர்ந்து உள்ளே போய்க் கப்ளரைச் சிலையாக்கிவிட்டது. திருகு போட்டால் நாளைக்குத் திறக்கலாம்.

ஸ்பிரிங் தொலையும். இதில் விதிவிலக்கே இல்லை. விரலுக்குப் பின்னாலுள்ள சுருள் ஒரு எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, சாமணத்தில் அழுத்தினால் 'டிங்' என்று கூடச் சொல்லாமல் காணாமல் போகும். இப்போது நான் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டுதான் இந்த வேலையைச் செய்கிறேன். கத்தி முனையைச் சுருளுக்குள் நுழைத்து எடுத்து, ஒரு முனையைத் தலையிலுள்ள குமிழில் உட்கார வைத்து, அழுத்தி, மறுமுனையை விரலின் குமிழில் விடவேண்டும். வெளியே தொலைத்துவிட்டால் விளக்கை அணைத்து டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்துப் பாருங்கள். நிழல் நீளமாக விழும். என் மகள் இதில் என்னைவிடக் கெட்டிக்காரி, ஒரு ஸ்பிரிங்குக்கு ஒரு சாக்லேட் என்று கூலி.

காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு வேறு கம்பெனிகளும் இதே வடிவத்தைப் பிளாஸ்டிக்கில் போட்டார்கள். சில பழைய என்ஜின்களில் அவை மாட்டியே கிடைக்கும். சுருளுக்குப் பதில் பிளாஸ்டிக் நாக்கே ஸ்பிரிங் வேலை பார்க்கும் வகையில், நாள்பட்ட நாக்கு சோர்ந்துவிடுகிறது. இலேசான ரயிலுக்குப் போதும், பதினொரு பெட்டிக்கு நான் நம்பமாட்டேன்.

லயனெல் கம்பெனி ரயிலின் கதை தனி. அது எச்.ஓ.-வைவிடப் பெரிய ஓ அளவு, மூன்று தண்டவாளம், கையில் எடுத்தால் செங்கல் கனம். இங்கே பென்சில்வேனியாவின் யார்க் நகரில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் பழைய பொம்மை ரயில்களுக்குப் பெரிய சந்தை நடக்கும். அங்கே 2037 என்ற எண்ணுள்ள நீராவி என்ஜின் ஒன்று வாங்கினேன், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சரக்கு. நீராவி என்ஜினுக்குக் கப்ளர் பின்னாலுள்ள நிலக்கரி டெண்டரில். நாலு பெட்டி இழுத்தால் விரல் தானாகத் திறந்துகொண்டது.

இதில் உயரம் பிரச்சினை இல்லை, பூட்டுதான். கப்ளருக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு, அதன்மேல் ஒரு சின்ன ஊசி. தகடு மேலே ஒட்டியிருக்கும்வரை ஊசி விரலைப் பூட்டிப் பிடித்திருக்கும். தண்டவாளத்திலுள்ள மின்காந்தம் தகட்டைக் கீழே இழுத்தால் ஊசி விலகி விரல் திறக்கும். என்னுடையதில் தகடு எழுபது வருடக் களைப்பில் இலேசாகத் தொங்கியது. அதை மேல்நோக்கி ஒரு துளி வளைத்திருந்தால் போதும். நான் அப்போது அதைப் பார்க்கவில்லை. விரல் தேய்ந்திருக்கிறது என்று நினைத்து, விரலைப் பிடித்திருக்கும் ரிவெட்டைச் சுத்தியலும் ஆணியும் வைத்துத் தட்டினேன். மூன்றாவது தட்டில் ரிவெட் அப்படியே இருந்தது, கப்ளர் தலையின் காது உடைந்து மேசையில் விழுந்தது. பழைய வார்ப்பு அடி தாங்காது.

யார்க்கிலேயே அடுத்த சந்தையில் ஒரு கப்ளரோடு கூடிய போகி வாங்கிப் போட்டேன். விற்ற தாத்தா ரிவெட்டை எப்படி எடுப்பது என்று அங்கேயே ஒரு உடைந்த துண்டில் செய்து காட்டினார். பிதுங்கி விரிந்த முனையை முதலில் அரத்தால் முழுக்க ராவி எடுத்துவிட வேண்டும். தலைக்கு அடியில், காது இரண்டும் தாங்கும்படி, துளையிட்ட மரத்துண்டு. அப்புறம் மெல்லிய பஞ்ச் வைத்து அழுத்தினாலே ரிவெட் இறங்கிவிடும், அடி தேவையே இல்லை. புது ரிவெட்டை விரிக்கும்போதும் அப்படித்தான், விரல் தாராளமாக ஆடுகிறதா என்று ஒவ்வொரு தட்டுக்கும் பார்த்துக்கொண்டு. அந்த ஐந்து நிமிடத்தில் நான் கேட்காமலே, "முதல்ல தகட்டை வளைச்சுப் பாத்தியா?" என்ற அர்த்தத்தில் ஒன்று கேட்டார். பார்த்தேன் என்று பொய் சொன்னேன்.

எடுத்த பழைய பாகம் எதையும் தூக்கிப் போடுவதில்லை. எக்ஸ்2எஃப் கொக்கி, தகர மூடி, அந்த மனிதர் வெட்டிய பிளாஸ்டிக் துண்டு எல்லாம் ஜிப் பையில், எந்த என்ஜினிலிருந்து எடுத்தது என்ற சீட்டோடு இருக்கின்றன. பழைய பொருள் சேர்ப்பவர்களுக்குக் கழற்றிய அசல் பாகம் கூட இருப்பது விலையிலும் தெரியும். எனக்குப் பெரும்பாலும் உதவியது வேறு விதத்தில்: புதியது சரியாக உட்காரவில்லை என்றால் பழையது எப்படி உட்கார்ந்திருந்தது என்று எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜி.பி.35-ஐ மட்டும் தொடவில்லை. கழற்றிப் பார்த்தேன், குமிழ், தகர மூடி, கொக்கி எதிலும் ஒரு கீறல் இல்லை. அந்த மனிதரே விட்டுவைத்ததை நான் ஏன் ராவ வேண்டும் என்று திரும்ப மூடிவிட்டேன். ஆனால் கொக்கி வைத்த என்ஜினால் விரல் வைத்த பெட்டியை இழுக்க முடியாது. அதற்காக ஒரு பழைய பெட்டியில் ஒரு முனைக்கு எக்ஸ்2எஃப், மறுமுனைக்கு கேடீ போட்டு என்ஜினுக்கும் ரயிலுக்கும் நடுவே விட்டிருக்கிறேன். வீட்டில் அதற்குப் பெயர் மொழிபெயர்ப்பாளர். போன வாரம் மகள் அதைத் திருப்பி மாட்டிவிட்டு, ஏன் இரண்டு பக்கமும் பிடிக்கவில்லை என்று பத்து நிமிடம் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அவளே போய்க் கேஜை எடுத்துவந்தாள்.